அறுபது தோட்டா டிரம்மும் அக்கா மகளும்

மே 10, சனி

டிரம் வந்துவிட்டது. அறுபது தோட்டா பிடிக்கும் மேகசின். துப்பாக்கியின் வயிற்றில் குட்டித் தர்பூசணி மாதிரி தொங்குகிறது. மற்றவர்கள் முப்பதுக்கு ஒருதரம் நிறுத்தி மாற்றிக்கொண்டிருக்கும்போது நான் பாட்டுக்குச் சுட்டுக்கொண்டே இருப்பேன். ஓக்லஹோமாவின் இந்த மூலையில் இப்படி ஒன்று வேறு யாரிடமும் கிடையாது. (தீவனக்கடை ஓடெல் பிரிமிடம் ஒன்று இருக்கிறதாம். அது கீறல் விழுந்தது. கணக்கில் வராது.)

பின்பக்க மேய்ச்சல் நிலத்தில் ஒரு டிரம்மை ஒரே மூச்சில் காலி செய்தேன். காற்றே நின்றுவிட்டது. நோவலீன் சமையலறை ஜன்னலைத் திறந்து, “வெர்லின், மாட்டுக்குப் பால் வத்திடும்டா!” என்று கத்தினாள். என் மனைவி பாராட்டுவது இப்படித்தான்.

மே 18, ஞாயிறு

தேவாலயம் முடிந்ததும் அக்கா மகள் ரெட்டா வந்தாள். எரிவாயு சிலிண்டர் லாரி ஓட்டுகிறாள், முப்பத்தொரு வயசு, ஊரில் பாதி ஆண்பிள்ளைகளுக்கு அவளைக் கண்டால் பயம். டிரம்மைக் காட்டினேன். வாயைப் பிளப்பாள் என்று பார்த்தால் துப்பாக்கிக் குழலைத் தட்டிப் பார்த்தாள்.

“மெல்லிசுக் குழல், மாமா.”

“அதனாலதான் தூக்க லேசா இருக்கு.”

“டிரம் பெருசானா குழலும் பெருசாயிடுமா? நிறுத்தாம அடிச்சா சூடேறும். சூடேறினா குண்டு சிதறும். இன்னும் ஏறினா உள்ள இருக்கிற தோட்டா நீங்க விசையத் தொடாமலே வெடிக்கும்.”

“நான் சூடான மனுஷன்டி. என் துப்பாக்கியும் அப்படித்தான்.”

சிரிக்கவில்லை. அவள் அம்மாவும் சிரிக்கமாட்டாள்.

ஜூன் 1

மழை. துப்பாக்கியைத் துடைத்தேன். அழகாக இருக்கிறது, என்னைப் போலவே.

ஜூன் 14, சனி

துப்பாக்கி கிளப்பில் பெரிய செய்தி. சுடு, நிறுத்து என்று சொல்கிற தலைமை அதிகாரிக்குப் பார்வை மங்கிவிட்டது, விலகிவிட்டார். ஜூலைப் போட்டியை ரெட்டா நடத்துகிறாள். ஒழுங்காக நடத்தினால் அதற்கடுத்த வாரம் மீன் விருந்தில் ஓட்டுப் போட்டு அவளையே நிரந்தரமாக்குவார்கள். இதுவரை ஒரு பெண்ணும் தலைமை அதிகாரியின் சிவப்புத் தொப்பியைப் போட்டதில்லை.

ஓடெல் பிரிம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: “அவ மாமன் தப்புப் பண்ணா என்ன பண்ணுவா? கண்ண மூடிக்குவா. குடும்பம்ல.”

நான் பதில் சொன்னேன். இங்கே எழுதக்கூடிய வார்த்தைகள் இல்லை.

ரெட்டா லாரி சாவியைச் சுழற்றிக்கொண்டே நின்றாள். காது சிவந்திருந்தது. அவளுக்கு அந்தத் தொப்பி வேண்டும். நான் அவளைப் பிறந்த நாளிலிருந்து அறிவேன், எனக்குத் தெரியாதா?

ஜூலை 5

மூன்று டிரம் சேர்த்துவிட்டேன். அடுத்தடுத்து சுட்டுப் பழகினேன். குழலைச் சுற்றின உறை அடுப்புத் தட்டு மாதிரி கொதிக்கிறது. நோவலீனின் அடுப்புக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டேன், கோழிப் படம் போட்டது. பட்டாளத்தில்கூட இந்த யோசனை யாருக்கும் வந்திருக்காது. நடுவில் ஆறவிடச் சொல்கிறாள் ரெட்டா. அஞ்சாறு சுட்டு, தோட்டா அறையைத் திறந்துவைத்து, காற்று போகவிட்டு, மறுபடி அஞ்சாறு. அதற்குள் போட்டியில் குறியாக நிறுத்தும் இரும்புத் தட்டுகளில் பாதியை ஓடெல் சாய்த்துவிடுவான். நடக்காது.

ஜூலை 19, சனி. போட்டி

எழுத்து கோணல்மாணலாக வருகிறது. பேனா சரியில்லை.

வெயில் மண்டையைப் பிளந்தது. கூட்டம் ஆயிரம் பேர். சரி, எண்பது இருக்கும். மேசையில் மணல்மூட்டை, அதன்மேல் துப்பாக்கி, எதிரே இரும்புத் தட்டுகளின் வரிசை, அதற்குப் பின்னால் மண்மேடு. எல்லாத் தட்டையும் முதலில் சாய்ப்பவனுக்குக் கோப்பை. முதல் டிரம் - தட்டுகள் சீட்டுக்கட்டு மாதிரி விழுந்தன. இரண்டாவது - ஓடெல் என்னைவிடப் பின்தங்கிவிட்டான், சத்தியமாக! மூன்றாவதில் குழலிலிருந்து அனல் எழும்பிக் குறிபார்க்கும் கண்ணாடி வழியாகத் தட்டுகள் தண்ணீருக்குள் ஆடுகிற மாதிரி ஆடின. எதைப் பார்த்துச் சுடுகிறேன் என்றே தெரியவில்லை. சுட்டேன். மூன்று தட்டு பாக்கி. அப்போது விசை இழுத்தேன், டக் என்றது, வெடிக்கவில்லை.

தோட்டாவை வெளியே தள்ளும் பிடியை இழுத்தேன். வரவில்லை. தோட்டா உள்ளேயே ஒட்டிக்கொண்டது.

“நிறுத்துங்க! எல்லாரும் கைய எடுங்க!” ரெட்டா.

எல்லாரும் கையை எடுத்தார்கள். நிறுத்து என்றபின் துப்பாக்கியைத் தொட்டால் அத்தோடு போட்டியை விட்டு வெளியே. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மூன்றே தட்டு! கோழிக் கையுறையோடு பிடியை ஒரு குத்து விட்டேன். அசையவில்லை. முன்பக்கம் போய்க் குழலுக்குள் குனிந்து பார்க்கலாம் என்று எழுந்தேன்.

“மாமா! அங்கேயே நில்லுங்க!”

நின்றுவிட்டேன். இந்தப் பெண் என்னிடம் அப்படிக் கத்தியதே இல்லை.

வந்தாள். பக்கவாட்டில் நின்று டிரம்மை மட்டும் கழற்றினாள். குழல் மண்மேட்டைப் பார்த்தபடி மணல்மூட்டையில் கிடந்தது. எல்லாரையும் பின்னால் தள்ளி நிற்கவைத்தாள். ஓடெல், “இதென்ன, கெட்ட தோட்டா, தட்டி எடுத்தா வந்துடும்” என்றான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காத்திருந்தோம். ஈ பறக்கும் சத்தம் கேட்டது.

பட்டென்று வெடித்தது. யாரும் தொடவில்லை! தானாக! மண்மேட்டில் செம்மண் கிளம்பியது. நான் குனிந்து பார்த்திருந்தால்... அந்த டிரம் மாட்டியே இருந்திருந்தால் அடுத்ததும் தானாக உள்ளே ஏறியிருக்கும், கொதிக்கிற குழலில்...

இந்த வரியை இத்தோடு விடுகிறேன்.

பிறகு எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்னாள், குரல் கொஞ்சம்கூட உடையவில்லை: “வெர்லின் டக்கெட், நிறுத்துன்னு சொன்னப்புறம் தொட்டீங்க. வெளியே.”

மாமா என்றுகூடச் சொல்லவில்லை. பேரைச் சொன்னாள்.

ஜூலை 20

நோவலீன் கையுறையைப் பார்த்தாள். கோழியின் தலை கருகியிருந்தது. எனக்கு இரண்டு பிஸ்கட் ரொட்டியும் இறைச்சிக் குழம்பும் கூடுதலாக வைத்தாள். ஏன் கூடுதல்? கேட்கவில்லை. சாப்பிட்டேன்.

ஜூலை 22

ஓடெல் கோப்பையோடு தீவனக்கடையில் போட்டோ எடுத்துக்கொண்டானாம். எடுக்கட்டும்.

ஜூலை 26, சனி. மீன் விருந்து

ஓட்டுப் போடுமுன் யாராவது பேசலாம் என்றார்கள். நான் எழுந்தேன். எட்டாவதோடு நின்றவன், மேடைப் பேச்சு வராது, ஆனால் வந்தது.

“மாமன் தப்புப் பண்ணா ரெட்டா கண்ண மூடிக்குவாள்னு ஒருத்தர் சொன்னார். நான்தான் அந்த மாமன். ஊரே பாக்க என்னத் துரத்திட்டா. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?”

சிரிப்பில் கூரை எழும்பியது. ஓட்டுக்கு முதலில் உயர்ந்த கை யாருடையது? ஓடெல் பிரிம். எலுமிச்சை கடித்த முகம், ஆனால் கை மேலே. “தட்டி எடுக்கச் சொன்னவன் நான்தான்” என்றான், யாரையும் பார்க்காமல். அப்புறம் எல்லாக் கைகளும்.

ரெட்டா தட்டில் மீனோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “கோவமா, மாமா?”

“கோவமா? இந்த மாநிலத்துலயே அக்கா மக கையால வெளியே போனவன் நான் ஒருத்தன்தான்டி.”

அவள் சிரித்தாள். முதல்தடவை. அவள் அம்மாவுக்கும் இப்படிச் சிரிக்க வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 9

பழைய முப்பது தோட்டா மேகசின். அஞ்சு சுட்டேன். தோட்டா அறையைத் திறந்துவைத்தேன். உட்கார்ந்தேன். மேகம் பார்த்தேன். மறுபடி அஞ்சு. குண்டுகள் எல்லாம் காப்பிக் கோப்பையின் வாய் அளவு வட்டத்துக்குள் விழுந்தன. ஒரே ஓட்டை என்றே சொல்லலாம். யார் பார்க்கப்போகிறார்கள்?

அக்டோபர் 11, சனி

சிவப்புத் தொப்பியோடு ரெட்டா நடத்தின முதல் போட்டி. தொப்பி கொஞ்சம் பெரிசு, காதில் இடிக்கிறது. அவள் கை தூக்கினால் காற்றுகூட நிற்கிறது. கான்சாஸிலிருந்து ஒருத்தன் டிரம்மோடு வந்திருந்தான். குழல் ஆறட்டும் என்று அவனை உட்காரவைத்தாள். அவன் என்னிடம் முறைத்துக்கொண்டே கேட்டான், “யாருய்யா இவ? இவ்வளவு அதிகாரம்?”

நாற்காலியை இழுத்துப் போட்டுச் சொன்னேன். ஆயிரம் பேர் கூட்டம், குழல் பழுக்கக் காய்ந்து சிவந்தது, என் கையில் நூறு தோட்டா டிரம்...

“அறுபது, மாமா!” என்று சுடுதளத்தின் அந்தக் கோடியிலிருந்து குரல் வந்தது.

சரி, அறுபது. மற்றதெல்லாம் நிஜம் என்றேன் அவனிடம்.