வளையல் கடைக்குப் பின்னால்

மதினி, இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். அதற்குச் சாட்சி நீங்கள் ஒருவர்தான். சாட்சி சொல்ல இப்போது நீங்கள் இல்லை என்பது வேறு விஷயம்.

போன வாரம் மதுரையில் ஒரு கல்யாணம். நாலுவழிச் சாலையில் பஸ்ஸை ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினார்கள். கழிப்பிடம் எங்கே என்று கேட்டால் பக்கத்திலிருந்த கடைக்குள் கையைக் காட்டுகிறார்கள். சீப்பு, பொம்மை, முறுக்குப் பொட்டலம், கண்ணாடி வளையல் எல்லாம் அடுக்கிய சந்து வழியாக நடந்துபோனால்தான் கடைசியில் கதவு வருகிறது. பினாயில் வாடையும் வளையல் பெட்டிக்குள் இருக்கும் வைக்கோல் வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறியது. அந்த இரண்டு வாடையும் சேர்ந்து வந்து எத்தனையோ வருசம் ஆகிவிட்டது. நான் சந்துக்கு நடுவிலேயே நின்றுவிட்டேன்.

"பெரியவரே, போறீரா நிக்கீரா?" என்றான் பின்னால் வந்தவன்.

"இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடிச்சவனே நான்தான் வே. கோவில்பட்டியில, உமக்கு மீசை முளைக்கதுக்கு முந்தி."

"அப்போ சட்டுனு உள்ள போயி அனுபவியும். எனக்கு அவசரம்."

பஸ் கிளம்பியதும் பக்கத்து இருக்கைக்காரரிடம் முழுக் கதையையும் சொல்ல ஆரம்பித்தேன். சாத்தூர் தாண்டும்போது அவர் தூங்கிவிட்டார். மீதியை உங்களுக்கு எழுதுகிறேன்.

அண்ணன் இறந்துபோன அந்த வருசம்தான் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலிருந்த கட்டணக் கழிப்பிடத்தை நகராட்சியில் குத்தகைக்கு விட்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில். ஏலத்தில் நாற்பது பேர் கை தூக்கினார்கள், நான் எழுந்து நின்றதும் நாற்பது பேரும் உட்கார்ந்துவிட்டார்கள் என்று ஊருக்குள் சொல்லி வைத்திருந்தேன். நீங்கள் வாளியைக் கழுவிக்கொண்டே, கேட்கிறவர்களிடம், "எங்க கொழுந்தனாரு சொல்லுததுல பாதியைக் கழிச்சுட்டுக் கேளுங்க" என்பீர்கள். நாற்பதில் பாதி இருபது. என்னோடு சேர்த்து மூன்றே பேர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் பாதியை எனக்கென்று விட்டுவைத்தீர்கள்.

குத்தகை என் பெயரில். எட்டாவது வரை படித்தவன் என்பதால் கையெழுத்தும் என்னுடையது. ஆண்கள் பக்கம் வாசலில் மேஜை போட்டு நான் உட்கார்ந்தேன். பெண்கள் பக்கமும், இரண்டு பக்கத்து பிரஷும் பினாயிலும், உப்புத் தண்ணீர்த் தொட்டியும் உங்களுடையது. நம் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை நிறுத்தினார்கள். எனக்குக் 'கக்கூஸ்காரன்' என்று பெயர் விழுந்தது. நான் குதித்தேன். நீங்கள் சிரித்தீர்கள். "வேலை பாக்குதது நானு, பட்டம் மட்டும் உங்களுக்கா?" என்றீர்கள்.

பதினாறு வருசம் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவர் நீங்கள். ஒதுங்க இடமில்லாத கொட்டகை அது. காலையிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்காமல், அடக்கி அடக்கி, சிறுநீரகத்தில் கல் வந்து சேர்ந்தது. இனியும் அப்படி இருந்தால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் இந்தக் கழிப்பிடம் படுத்துவிட்டால் உங்களுக்குத் திரும்பிப் போக அந்தக் கொட்டகைதான் இருந்தது. இதை நான் யாரிடமும் மிகைப்படுத்திச் சொன்னதில்லை. மிகைப்படுத்த அதில் ஒன்றும் இல்லை.

முதல் ஐந்தாறு மாசம் பெண்கள் பக்கம் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. கதவுத் தாழ்ப்பாள்கள் புழங்காமலே துருப்பிடித்தன. கூடவே ஏதாவது வியாபாரம் வைத்தால்தான் நிற்க முடியும் என்று நான் முன்பக்கம் ஒரு டீக்கடை போட்டேன். தேயிலை நல்ல தேயிலை, பாலும் நல்ல பால். புதூர் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் தம்ளரை மோந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுல பினாயில் எத்தனை கரண்டி?" என்று கேட்டார். அதோடு முடிந்தது. ஒரு மாசம் நானும் நீங்களும் மட்டும் அந்த டீயைக் குடித்தோம்.

அப்போதுதான் அந்தப் புதூர்க்காரப் பெண் வந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு கழிப்பிடச் சுவரோரமாகவே உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. காலில் கரிசல் மண் செருப்புக்கு மேலே இன்னொரு செருப்பாக அப்பியிருந்தது.

"ஏட்டி, இவ்வளவு நேரமா நெளியுத. உள்ள போயிட்டு வாயேன்" என்றீர்கள்.

"எங்கன போவ? எதுத்தாப்ல சலூன் பெஞ்சைப் பாருங்க. எங்க மாமனாரு பேப்பர் படிக்காவ. பக்கத்துல எங்க ஊரு ஆம்பளைய நாலு பேரு. 'பெண்கள்'னு இந்தா பெருசா போர்டு தொங்குது. அதுக்குள்ள நுழைஞ்சா ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரில்லா?"

"அப்போ என்ன செய்வ?"

"ஊரு போயிச் சேருத வரைக்கும் என்ன செய்ய? பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

நீங்கள் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மறுநாள் என்னிடம், "டீக்கடையைத் தூக்கிருங்க. அங்கன வளையல் கடை வைப்போம். பொம்பளைய போற வழி கடைக்குள்ளாற இருக்கட்டும். போர்டைக் கழட்டி உள்ள மாட்டுங்க" என்றீர்கள். இந்த யோசனை என்னுடையது என்று பத்துப் பதினைந்து வருசமாகச் சொல்லி வருகிறேன். பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆணி அடித்தது நான்.

தாலி அறுத்த பெண் வளையல் விற்பதா என்று ஒரு பேச்சு எழுந்தது. நான் சண்டைக்குப் போகப் பார்த்தேன். நீங்கள் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தீர்கள். பெட்டியைத் தள்ளி வைத்து, "வளையலை நீங்களே எடுத்துப் போட்டுக்கோங்க தாயி. ஊக்கை மட்டும் நான் தாரேன்" என்பீர்கள். அந்த ஊக்குதான் கடையின் உயிர். உள்ளே போய்விட்டு வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும், அவள் கொடுத்த ஒரு ரூபாய்க்கு, ஒரு ஊக்கைக் காகிதத்தில் சுருட்டிக் கொடுத்தீர்கள். திரையை விலக்கிக்கொண்டு வெளியே வரும்போது கையில் ஒரு பொட்டலம் இருக்கும். சலூன் பெஞ்சில் இருப்பவர்கள் பார்த்தால், கடைக்குப் போய்விட்டு வருகிறாள். கடைக்குத்தானே போனாள்.

கழுகுமலை, புதூர், குளத்தூர்ப் பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் இது தெரிந்துபோயிற்று. ஆண்களுக்கு மட்டும் தெரியவில்லை. "என்ன அண்ணாச்சி, உங்க கடை வளையலு ஒரு வாரங்கூடத் தாங்காதா? டவுனுக்கு வந்தா எங்க வீட்டுக்காரி இங்கனயேதான் நிக்கா" என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். உள்ளே நாலைந்து பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தது எனக்குக் கேட்டது.

கரிசல் மண் கோடையில் வாய் பிளக்கும், மழையில் ஊதும். அதன்மேல் கட்டிய சுவர் சும்மா இருக்குமா? இரண்டாவது கோடையில் பெண்கள் பக்கத்துச் சுவரில் விரல் நுழைகிற விரிசல் விட்டது. சென்னையிலிருந்து இஞ்சினியரைக் கூட்டி வருகிறேன் என்றேன். "அவரு வருத வரைக்கும் இந்தச் சேவல் பாத்துக்கிடட்டும்" என்று சொல்லி, மைதாப் பசை காய்ச்சி, கழித்துப் போட்ட சேவல் படத் தீப்பெட்டி லேபிள்களை விரிசல் மேல் ஒட்டினீர்கள். ஒவ்வொரு கோடையிலும் அது கிழியும், நீங்கள் மறுபடி ஒட்டுவீர்கள். அடியில் சேவல், அதன்மேல் மயில், அதற்கும் மேல் ரயில் வண்டி.

இரண்டாயிரம் பிறந்த பிறகு நகராட்சியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். அவர் பேரில் குற்றமில்லை. குத்தகைப் பத்திரத்தில் கழிப்பிடம் என்றுதான் இருந்தது, வளையல் கடை என்று இல்லை. வெள்ளிக்கிழமை ஆளோடு வருவேன், அதற்குள் கடையைப் பிரித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கடை போனால் பெண்கள் வரமாட்டார்கள். பெண்கள் வராவிட்டால் உங்களுக்கு மறுபடியும் அந்தக் கொட்டகை. நீங்கள் பாட்டுக்கு ஊக்குப் பெட்டியை நிரப்பி வைத்தீர்கள்.

வெள்ளிக்கிழமை நடந்ததைத்தான் நான் கல்யாண வீட்டிலும் எழவு வீட்டிலும் சொல்லியிருக்கிறேன். அதிகாரி வருகிறார், பின்னால் கடப்பாரையோடு நான்கு பேர். நான் வாசலில் இரண்டு கையையும் விரித்து நிற்கிறேன். "சார், என்னைத் தாண்டித்தான் போகணும்" என்கிறேன். அந்த நேரம் பார்த்துத் திரை விலகுகிறது. கையில் ஊக்குப் பொட்டலத்தோடு வெளியே வருகிறது யார்? அதிகாரியைப் பெற்ற தாயார். "ஏலே, நீ இங்கன என்னல பண்ணுத?" என்கிறார். அதிகாரி தலையைக் குனிந்துகொண்டு ஜீப்பில் ஏறுகிறார். இந்த இடத்தில் கேட்கிறவர்கள் கைதட்டாமல் இருந்ததே இல்லை.

கடை அதற்குப் பிறகு ஏழெட்டு வருசம் நடந்தது. போன புரட்டாசியில் நீங்கள் போய்விட்டீர்கள். வீடு கொள்ளாமல் பெண்கள் வந்திருந்தார்கள், பாதிப்பேர் யாரென்றே எனக்குத் தெரியவில்லை. அந்தப் புதூர்க்காரியும் வந்திருந்தாள், தலை நரைத்திருந்தது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அன்னைக்கு அந்த ஆபீஸர் வந்தப்போ அக்கா என்ன சொன்னாவ தெரியுமா..." என்று ஆரம்பித்தாள். பழக்கதோஷம், நான் என் கதையை எடுத்துவிட்டேன். இரண்டு கையை விரித்தது, கடப்பாரை, தாயார், ஜீப், எல்லாம். அவள் கடைசிவரை என் முகத்தையே பார்த்துக் கேட்டாள். "அப்படியா அண்ணாச்சி" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

என் சட்டைப்பையில் உங்கள் ஊக்கு ஒன்று இருக்கிறது. உங்கள் பெட்டியின் அடியில் கிடந்தது. பஸ்ஸில் அதைத் தொட்டுக்கொண்டேதான் அந்த இருக்கைக்காரரிடம் கதை சொன்னேன். எங்கே எதைச் சொன்னாலும், பாதியைக் கழிச்சுக்கோங்க என்று ஒரு குரல் பின்னால் கேட்கிற மாதிரியே இருக்கும். இந்த வெள்ளிக்கிழமைக் கதைக்கு மட்டும் அது கேட்காது. உயிரோடு இருந்தபோதும், இதை நான் சொல்லும்போது நீங்கள் அதைச் சொன்னதில்லை. தலையைக் குனிந்து வளையல்களை அளவு பார்த்து அடுக்கிக்கொண்டிருப்பீர்கள்.

அன்றைக்கு நான் அங்கே இல்லை, மதினி. பத்திரத்தில் இருந்தது என் கையெழுத்து. பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, விடியக்காலை முதல் பஸ்ஸில் கழுகுமலைக்குப் போய், பொழுது சாயும்வரை கோவில் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது கடை இருந்தது. சுவரில் புதிதாக ஒரு மயில் ஈரம் காயாமல் இருந்தது. காலையில் நிரம்பியிருந்த, ஒரு வாரத்துக்குக் காணும் ஊக்குப் பெட்டியில் ஒரு ஊக்குகூட இல்லை. என்ன நடந்தது என்று கேட்டேன். "வந்தாவ, போயிட்டாவ" என்றீர்கள். மற்றதையெல்லாம், அந்தத் தாயாரையும் சேர்த்து, மறுநாள் சலூன் பெஞ்சில் உட்கார்ந்து நான் கட்டினேன்.