பெட்டியில் ஒட்டிய விலாசம்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜெர்மனியிலிருந்து கலைப்பிரியா. நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

ஞாயிற்றுக்கிழமை போனில், "ஒன் அண்ணி எனக்குத் தலை வாரி வுட்டுக்கினு இருக்கா, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். சங்கவி அண்ணி கொடுத்துவைத்தவள்.

இங்கே, ஒளித்துகளை ஒவ்வொன்றாக எண்ணும் கருவி ஒன்று நாடு நாடாகப் போகிறது. எல்லா நாட்டு அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க, ஒவ்வொரு ஆய்வகமும் அளந்து, அடுத்தவருக்குச் சொல்லாமல் முடிவை அனுப்பவேண்டும். நான் வேலைபார்க்கும் ஆய்வகத்தின் முறை முடிந்தது, அடுத்தது டெல்லி. நான்தான் பெட்டி கட்டினேன். மூன்று வருஷமாக எனக்குக் கிடைக்காத இந்தியப் பயணம் இந்தப் பெட்டிக்குக் கிடைக்கிறதே என்று வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் லேபிளில் திண்டிவனம் வீட்டு விலாசத்தை எழுதி ஒட்டிவிட்டேன்.

மேலாளர் பார்த்து, "அங்கேயும் ஆய்வகம் இருக்கிறதா?" என்று கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டு உரித்தெடுத்தேன். பயப்படாதே, வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இங்கே கடையில் விற்கும் வேர்க்கடலையில் ருசியே இல்லை, நம் வல்லம் கொல்லை மல்லாட்டையைக் கொஞ்சம் வறுத்து அனுப்பு. அண்ணி வேண்டாம், நீயே வறு. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன்.

உரித்த லேபிளைத்தான் இந்தக் கவரில் ஒட்டியிருக்கிறேன். பெட்டி டெல்லியோடு நின்றுவிடும். இது உன் கைவரைக்கும் வரும். அண்ணியிடம் கொடுக்காமல் நீயே பிரி.

உன் மகள்
கலைப்பிரியா