விளக்கடியில் காய்த்த முதல் கத்தரிக்காய்

ட்ரோம்சோ, நார்வே

அன்பான அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? நான் சுகமாக இருக்கிறேன்.

"மண்ணும் வெயிலும் இல்லாம கத்தரிக்கா எப்படில காய்க்கும்?" என்று போனில் சிரித்தீர்களே, காய்த்துவிட்டது! வேருக்கு உரம் கலந்த தண்ணீர், இலைக்கு ஊதா விளக்கு. என் அறைக்குள் தேனீ ஏது? பூக்களை நானே விரலால் பைய உலுக்கிவிட்டேன்.

முதல் காயைக் கர்த்தருக்குக் கொடுப்பது நம் வழக்கமாயிற்றே. இங்கே உள்ள சர்ச்சுக்குக் கொண்டுபோய்ப் பீடத்தில் வைத்தேன். நம் ஊர்க் கோயிலைப் போல, ஆராதனை முடிந்ததும் காணிக்கைக் காயை ஏலம் விடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கதவைப் பூட்ட வந்த போதகர், நான் மறந்து வைத்துவிட்டேன் என்று நினைத்து, காயை என் கையிலேயே கொடுத்துவிட்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதை இன்னும் சமைக்கவில்லை.

அம்மாவிடம் குழம்புப் பொடி அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் ஒரு கத்தரிக்காய் வாங்கி, நம் கோயில் அறுப்பின் பண்டிகையில் என் பெயருக்கு வையுங்கள். பாக்கியசீலன் அண்ணாச்சி, "ஜெய்சன் குடுத்த காய்! யாரு கேக்கிய?" என்று ஏலம் விடும்போது போனை அவர் பக்கத்தில் பிடியுங்கள்.

நானும் போனிலேயே விலை கேட்பேன். யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது அப்பா.

உங்கள் மகன்
ஜெய்சன்