ஆறாம் தேதி நாம் எங்கே இருந்தோம்?

கோத்தெல்
12 ஏப்ரல் 1990

அன்புள்ள நெவேனா அக்காவுக்கு,

நீயும் ஹ்ரிஸ்தோ அத்தானும் சுகமா? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை.

போன வாரம் கெர்கானாவுக்குக் கழுத்துப் பொத்தான் போடும்போது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. பட்டாணி அளவு. மருந்தகத்து டாக்டரம்மா தொட்டுப் பார்த்தார், குழந்தையை எச்சில் விழுங்கச் சொன்னார், மறுபடி தொட்டார். "பயப்பட ஒண்ணுமில்லம்மா. ஆனா சோஃபியாவுல ஒரு தடவ காட்டிடுங்க" என்றார். பயப்பட ஒன்றுமில்லை என்றால் ஏன் சோஃபியா?

அதோடு ஒரு தாளும் கொடுத்திருக்கிறார். 1986 ஏப்ரல் 26-லிருந்து மே மாதம் முடியும்வரை, நாள்வாரியாக, குழந்தை எங்கே இருந்தாள், மழையில் நனைந்தாளா, யார் வீட்டுப் பால், என்ன கீரை. செர்னோபில் அணு உலை வெடித்த நாட்கள். "நாலு வருஷம் ஆச்சே டாக்டர்" என்றேன். "ஆட்சி மாறினப்புறம் இப்பத்தான் இதெல்லாம் கேக்க விட்டிருக்காங்க. நாங்களும் கேக்குறோம்" என்றார்.

அக்கா, நான் வரலாறு படித்தவள். பைசாந்தியப் பேரரசர்களை வரிசை மாறாமல் சொல்வேன். இந்த ஐந்து வாரம் எனக்குத் தெரியவில்லை.

ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்கிறார்கள். செய்தி வந்தபோது ரொட்டிக்கடைக்காரி மாவு பிசைந்துகொண்டிருந்தாளாம். வீட்டில் பிளாமெனைக் கேட்டால், பட்டறையில் டயர் மாற்றிக்கொண்டிருந்தாராம், எந்த லாரி என்றுகூடச் சொல்கிறார். "அப்ப நம்ம பொண்ணு எங்க இருந்தா?" என்றேன். "உன்கூடத்தான இருந்திருப்பா, என்னக் கேட்டா?" எல்லோருக்கும் அவரவர் நின்ற இடம் தெரிகிறது. என் குழந்தை இருந்த இடம் ஒருவருக்கும் தெரியவில்லை.

எனக்கு நினைவிருப்பது இதுதான். நம் சமையலறை. சுவரில் மாட்டிய வானொலி. நான் பச்சை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறேன், நீ பக்கத்தில் தட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறாய். செய்தி வருகிறது. நீ துண்டோடு அப்படியே நிற்கிறாய், பிறகு என் தோளில் கை வைக்கிறாய். நல்ல வேளை அக்கா பக்கத்தில் இருந்தாள் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. மே ஆறு, கெர்கியோவ் திருநாள் விடியற்காலை. அவளுக்குப் பெயர் தந்த புனிதரின் நாள், அவள் பெயர்நாள் ஆயிற்றே என்று சட்டையைக் கழற்றி, தோட்டத்துப் பனிப்புல்லில் படுக்கவைத்து உருட்டினோம், வருஷம் முழுக்க நோய் அண்டாதிருக்க எல்லோரும் செய்வதுதானே. சில்லென்று பட்டதும் அவள் ஒரு சிரிப்பு சிரித்தாளே. அது எந்த வருஷம்? பிளாமென் '87 என்கிறார். எனக்கு ஒரு நேரம் '87 என்று படுகிறது, ஒரு நேரம் '86 என்று. '86 என்றால் அது வெடிப்புக்குப் பத்தாம் நாள். நீ அந்தப் பண்டிகைக்கு வந்திருந்தாய். உனக்கு எப்போதும் தேதி மறக்காது. சொல் அக்கா.

உன்
ஸ்லாத்தினா


சோஃபியா
20 ஏப்ரல் 1990

என் செல்ல ஸ்லாத்திக்கு,

உன் கடிதம் பார்த்ததிலிருந்து மனது சரியில்லை. ஆனால் குழந்தைகளுக்குக் கழுத்தில் கட்டி வருவதும் போவதும் சாதாரணம். பல் சொத்தை இருக்கிறதா பார்த்தாயா? தொண்டைப் புண்ணுக்கும் வரும்.

நீ கேட்டது '87-தான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. '86-இல் அந்த வாரம் முழுக்கத் தூறல், குழந்தை வெளியே வரவே இல்லை. தாளில் "வீட்டுக்குள்" என்று எழுதிவிடு. பாலுக்கு, நான் கொண்டுவந்த பால்பொடி என்று எழுது.

சோஃபியாவுக்கு வரும்போது நம் வீட்டில்தான் தங்க வேண்டும். அத்தான் இப்போதே கட்டிலை நகர்த்திவைத்துவிட்டார். இங்கே தெருவெல்லாம் தேர்தல் கூட்டம். எதிர்க்கட்சியின் நீலக் கொடி ஒரு பக்கம், கட்சியின் சிவப்புக் கொடி ஒரு பக்கம். டிராம் கிடைப்பதில்லை. முன்னால் எழுதினால் ரயிலடிக்கு வருகிறேன்.

தூங்கு. நீ தூங்காமல் கிடப்பாய் என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
அக்கா


கோத்தெல்
2 மே 1990

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அவ்வளவு உறுதியாக எழுதியது எனக்கு ஒரு வாரம் நல்ல தூக்கம் தந்தது. நீ சொன்னபடியே தாளில் எழுதினேன். பால்பொடி என்று எழுதும்போது கை நின்றுவிட்டது. நீ கொண்டுவந்த ஆறு டப்பாவையும் நான் குழந்தைக்குக் கொடுக்கவே இல்லை அக்கா. உனக்கு இப்போதுதான் சொல்கிறேன். 'பட்டணத்துக்காரி, நம் ஊர்ப் பாலை நம்பாமல் டப்பா தூக்கிக்கொண்டு வருகிறாள்' என்று எனக்கு அன்று கோபம். இரண்டு டப்பாவை ஈஸ்டருக்குக் கிளறிய பால் இனிப்பில் கொட்டினேன். நீயும் சாப்பிட்டாய், "நல்லாருக்குடி" என்றாய். மீதியைப் பக்கத்து வீட்டு சோன்காவுக்குக் கொடுத்தேன். குழந்தைக்கு சோன்கா வீட்டு ஆட்டுப்பால்தான்.

சரி, பாலை மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்று கெர்கானாவின் மருத்துவக் குறிப்பேட்டை எடுத்தேன். அதில் இருக்கிறது: 1987 ஏப்ரல் 30, சின்னம்மை. மூன்று வாரம் வெளியே விடக்கூடாது. '87 பெயர்நாளன்று அவள் உடம்பெல்லாம் ஊதா மருந்தோடு ஜன்னலில் மூக்கை வைத்து அழுதுகொண்டிருந்தாள். அந்த வருஷம் நீ வரவும் இல்லை. '88-இல் நாங்கள் வர்னாவில் இருந்தோம்.

அப்படியானால் '86. நீ தப்பாக நினைத்திருப்பாய், நான்கு வருஷம் ஆயிற்றே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பால் விஷயம் கேட்க சோன்காவிடம் போனேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அந்த வருஷம் எங்கிட்ட என்னத்தடி கேக்குற? என் ஆடு கொட்டில்ல காஞ்ச வைக்கோலத் தின்னுட்டுக் கெடந்துச்சு. ஒன் அக்காதான அடைக்கச் சொன்னா."

"எப்போ?"

"ஈஸ்டருக்கு மொத நாளு. வேலி ஓரமா வந்து, 'பெரியம்மா, ரெண்டு வாரம் ஆட்ட மேய விடாதீங்க, பழைய வைக்கோலே போடுங்க'ன்னா. 'ஏன்டி, என் ஆட்டுக்கு ஜுரமா'ன்னேன். 'காத்து சரியில்ல'ன்னுட்டுப் போயிட்டா. படிச்ச புள்ள சொல்லுதேன்னு அடைச்சேன். நாலு நாள் கழிச்சு ரேடியோவுல சொன்னப்ப, அட, இவளுக்குக் குறி சொல்லத் தெரியுமான்னு எங்க வீட்டுக்காரர்கிட்டகூடச் சொன்னேனே!"

ஈஸ்டர் அந்த வருஷம் மே நான்கு. முதல் நாள் மூன்று. செய்தித்தாளில் ஏப்ரல் கடைசியிலேயே ஒரு மூலையில் நாலு வரி வந்ததாம், எங்கோ விபத்து என்று. அதை யார் பார்த்தார்கள்? நாமிருவரும் சமையலறையில் வானொலியில் கேட்டது பெயர்நாளுக்கு மறுநாள், ஏழாம் தேதி.

நான்தான் எதையோ எதனோடோ கலக்கிவிட்டேன் போலிருக்கிறது. சோன்கா பொய் சொல்கிறவள் அல்ல. நீயும் அல்ல. எல்லோரையும் கேட்ட கேள்வியை உன்னிடம் மட்டும் நான் கேட்கவில்லை. அக்கா, நீ அந்தச் செய்தியைக் கேட்டபோது எங்கே இருந்தாய்?

ஸ்லாத்தினா


சோஃபியா
11 மே 1990

ஸ்லாத்தி,

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இதை மறுபடி படித்துப் பார்க்காமல் உறையில் போட்டுவிடுவேன்.

நீ வானொலியில் கேட்டபோது நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். உன் நினைவு பொய் இல்லை. துண்டும் கையில் இருந்தது. ஆனால் நான் கேட்டது அன்றைக்கு அல்ல.

மே முதல் தேதி. விடுமுறை. எங்கள் பால் ஆய்வுக்கூடத்துக்கு நான்கு பேரை மட்டும் கூப்பிட்டார்கள். வழக்கமாகக் கொழுப்பும் புளிப்பும் பார்க்கிற பாலை, கதிர்வீச்சு அளக்கிற வேறொரு கருவிக்குக் கீழே வைக்கச் சொன்னார்கள். முள் ஓரத்துக்குப் போய் முட்டி நின்றது. கருவி பழுது என்று நினைத்து வேறு கேட்டேன். அதுவும் அப்படியே. பிறகு புல். பிறகு கீரை. எண்களை எழுதினேன். ஜன்னலுக்கு வெளியே ஊர்வலத்து வாத்தியம் கேட்டது, பள்ளிப் பிள்ளைகள் காகிதப் பூவோடு போனார்கள். சாயங்காலம் இயக்குநர் ஒரு தாளை நீட்டினார். "வெளிய ஒரு வார்த்த வந்துச்சுன்னா, போறது வேலை மட்டும் இல்லம்மா" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

உன்னிடம் சொல்லத்தான் மூன்றாம் தேதி பஸ் ஏறினேன். சத்தியமாக. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வந்தால் உன் மாமனார் வாசலில், கட்சிச் செயலாளர், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "வா நெவேனா, தலைநகரத்துல என்ன விசேஷம்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். ஒரு முறை ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் வாய் திறப்பதில்லை ஸ்லாத்தி. டப்பாவைக் கொடுத்தேன். கீரையில் புழு என்று பொய் சொல்லிக் கொட்டினேன், நீ கோபித்துக்கொண்டாய். துணியை உள்ளே காயப்போட்டேன், சிரித்தாய். சோன்காவிடம் ஆட்டை அடைக்கச் சொன்னேன். யாரோ ஒருத்தியிடம் சொல்ல முடிந்தது.

ஆறாம் தேதி விடியலில் உங்கள் சிரிப்புச் சத்தத்தில் விழித்தேன். மாடி ஜன்னல். நீ, பிளாமென், மாமனார் மூவரும் தோட்டத்தில். நீ குழந்தையின் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாய். ஜன்னல் கொக்கியில் கை வைத்தேன். மாமனார் அண்ணாந்து பார்த்தார், "எறங்கி வா, நீயும் பனியில மொகத்தக் கழுவிக்கோ, இந்த வருஷமாவது சதை போடுவ!" என்று கத்தினார். கையாட்டினேன். அவரும் கையாட்டினார். நீ குழந்தையைப் புல்லில் படுக்கவைத்தாய்.

அந்த வாரப் புல்லின் எண் எனக்கு மனப்பாடம்.

ஒரு வாய் கத்தியிருந்தால் போதும். 'ஒரு பொழுதுப் பனிதானே' என்று சொல்லிக்கொண்டேன். கீழே வந்து நான்தான் அவளைத் துவட்டினேன். பிறகு வெந்நீரில் குளிப்பாட்டினேன், சோப்புப் போட்டு இரண்டு முறை. "எதுக்குக்கா, பனிய கழுவினா பலன் போயிடும்" என்றாய்.

'87 என்று எழுதியது நீ நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான். எனக்காகவும்தான்.

என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். கட்டில் போட்டபடியே இருக்கிறது.

நெவேனா


கோத்தெல்
19 மே 1990

நெவேனாவுக்கு,

ஜூன் 5, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி. மருத்துவமனையின் பின்வாசல் பக்கக் கட்டிடம், இரண்டாம் மாடி.

நீ வர வேண்டும். அந்த எண்களை டாக்டரிடம் உன் வாயால் சொல்ல வேண்டும். நான் தாளில் எழுதினால் அது ஏதோ ஒரு தாயின் புலம்பல் என்று வைத்துவிடுவார்கள். பால், புல், கீரை, எல்லாம். அவளுக்கு இப்போது என்ன பார்க்க வேண்டும் என்று தெரிய அவர்களுக்கு அது வேண்டும்.

நாங்கள் எங்கே தங்குவோம் என்று கேட்காதே. ரயிலடிக்கு வராதே. பிளாமெனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

ஸ்லாத்தினா


கோத்தெல்
12 ஜூன் 1990

அக்கா,

பழக்கத்தில் அக்கா என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த மனம் வரவில்லை.

நேற்று மருத்துவமனையிலிருந்து தபால் வந்தது. அது வெறும் நீர்க்கட்டிதானாம். ஊசி வைத்து எடுத்ததில் கெட்டது ஒன்றும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்ட வேண்டும், பன்னிரண்டு வயதுவரை. பிளாமென் வாசித்துவிட்டுப் பட்டறைக்குப் போகாமல் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். நான் அழவில்லை. திரும்பத் திரும்பப் படித்தேன். 'இப்போதைக்கு' என்று ஒரு சொல் இருக்கிறது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று நீ எங்களுக்கு முன்னாலேயே வந்து கதவருகில் நின்றாய். கெர்கானா ஓடிவந்து உன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அவளைப் பிடித்து இழுக்கவும் தோன்றியது, நானும் ஓடிவரவும் தோன்றியது. அந்த இளம் டாக்டர் நீ சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

"இத இத்தன நாளா எங்க வெச்சிருந்தீங்க?"

"கையெழுத்துப் போட்டிருந்தேன்."

"யாருக்கு?"

நீ யோசித்துப் பார்த்தாய், அதை நான் கவனித்தேன். உனக்கே தெரியவில்லை போல.

நீ போன பிறகு நான் அவரிடம் தனியாகக் கேட்டேன், அந்தப் பனியால்தானா என்று. "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். செர்னோபில்லே நடக்காத ஊர்லயும் பிள்ளைங்களுக்கு இது வருதும்மா. யாராலயும் சொல்ல முடியாது" என்றார். நான் யார் மேல் கோபப்படுவது? கட்டியே வேறு எதனாலோ வந்தது என்றால் நீ செய்தது இல்லையென்று ஆகிவிடுமா? ஆகாது என்றுதான் படுகிறது. சில நேரம் ஆகிவிடும் போலவும் படுகிறது.

சாயங்கால ரயிலிலேயே திரும்பிவிட்டோம். உன் வீட்டைத் தாண்டித்தான் டிராம் போனது. கெர்கானா "பெரியம்மா வீடு, பெரியம்மா வீடு" என்று கண்ணாடியைத் தட்டினாள். "பெரியம்மாவுக்கு வேலை இருக்கு" என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது.

பிளாமெனிடம் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். "அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று மட்டும் கேட்டார். தேர்தலுக்கு ஆளுக்கொரு கொடி பிடித்ததிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை, அதனால் போய்க் கேட்கவும் இல்லை. அந்த வாரம் மாமனார் பால் குடித்தாரா, கீரை தின்றாரா என்று நான் யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி நினைவு வருகிறது.

அந்தப் புல்லில் அவளைப் படுக்கவைத்தது என் கைதான். நீ அதைக் கடிதத்தில் எழுதினாய், என்னைக் குற்றம் சொல்ல அல்ல என்று தெரியும். ஆனாலும் வாசித்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் தினமும் கேட்டுப் பார்க்கிறேன். கையெழுத்துப் போட்டவள் நானாக, கீழே புல்லில் கிடந்தது உன் பிள்ளையாக இருந்திருந்தால்? திறந்திருப்பேன், கொக்கியை உடைத்தாவது திறந்திருப்பேன் என்று காலையில் எழும்போது தெரிகிறது. பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் தெரியாமல் போய்விடுகிறது. மாமனார் கையாட்டினால் நானும் திரும்பக் கையாட்டுகிறவள்தானே.

அது எனக்குத் தெளியும்வரை நீ எழுதாதே, வரவும் வராதே. தெளிந்ததும் நான் எழுதுகிறேன். தெளியாவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்லாத்தினா

பி.கு: மருத்துவமனை வாசலில் நீ அவள் கையில் திணித்துவிட்டுப் போன பெட்டியை வீட்டுக்கு வந்துதான் திறந்தோம். சிவப்புச் செருப்பு. இரண்டு அளவு பெரிது. வீடு முழுக்க அதைப் போட்டு இழுத்துக்கொண்டு நடக்கிறாள், கழற்ற மாட்டேன் என்கிறாள். அடுத்த வருஷம் சரியாக இருக்கும்.