நம் இருவருக்கும் ஒரே ஷூ

காலையில் பாலிஷ் டப்பாவைத் திறந்ததும் வாடை குப்பென்று வந்தது. கூடவே நீயும் வந்து நின்றாய், பாவி. போன மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. ஷூ மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

இன்டர்வியூவுக்கென்று நாம் சேர்ந்து வாங்கிய ஒரே ஜோடி. உன் காலுக்குத்தான் அளவு பார்த்தோம். நான் முன்னால் பேப்பரைத் திணித்துப் போட்டுக்கொள்வேன். ஒரகடத்தில் அந்தக் கார் உதிரிபாகக் கம்பெனிக்குப் போன அன்று முதலில் நீ உள்ளே போனாய். நான் டீக்கடைக்குப் பின்னால் செருப்போடு காத்திருந்தேன். போன வேகத்தில் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாய்.

"இன்னாடா கேட்டாங்க?"

"அஞ்சு வருசம் கழிச்சி எங்க இருப்பேன்னு கேக்குறான் மச்சான். ஏழு மாச கான்ட்ராக்ட்டுக்கு! 'அப்போ கம்பெனி இங்க இருக்குமா சார், அத்த மொதல்ல சொல்லுங்க'ன்னேன். போலாம்னுட்டான்."

கேட்டதில் என்ன தப்பு? பர்மனென்ட் வேலை என்று உன் அப்பா மார்தட்டிய கம்பெனி ஒரே நாளில் கதவைச் சாத்தியது. இப்போது அவர் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்.

"எங்கப்பனுக்காவது எதிர்காலம் ஷாம்பு பாட்டிலா வந்துச்சு. நமக்குப் பாக்கெட்டுதான். கிழிச்சா ஒரு குளியலோட சரி" என்று சொல்லிக்கொண்டே ஷூவைக் கழற்றி நீட்டினாய்.

நான் போய், சூப்பர்வைசர் ஆவேன் என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். எடுத்துக்கொண்டார்கள். ஏழு மாதம் முடிந்ததும் ஐடி கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து வீட்டில் சும்மாதான் இருக்கிறேன். "இந்த வாட்டியும் வாய மூடிக்கினு வேலைய வாங்கிக்கினு வாடா" என்று இன்று காலை அம்மா கெஞ்சித்தான் அனுப்பினாள்.

இன்று வேறு கம்பெனி, அதே கேள்வி. மனப்பாடம் செய்தது நாக்கு நுனி வரை வந்தது. சீ, போ என்று விழுங்கிவிட்டேன்.

"இதே ஊர்லதான் சார் இருப்பேன். எனக்குச் சொந்த ஊரு பக்கத்துல சேரப்பணஞ்சேரி. பர்மனென்ட் ஆகி உள்ள இருப்பேன். இல்லன்னா ஏன் ஆக்கலன்னு கேட்டுக்கினு வாசல்ல இருப்பேன்."

அவர் பேனாவை மூடினார். "சொல்லி அனுப்புறோம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா?

வெளியே வந்து, பழக்கதோஷத்தில் ஒரு டீக்கடைக்குப் பின்னால் போய் ஷூவைக் கழற்றி நீட்டினேன். வாங்கிக்கொள்ள ஆளில்லை. அழுதேன்டா, வெட்கமே இல்லாமல். பிறகு மாட்டிக்கொண்டு, லேஸை இழுத்துக் கட்டி, அடுத்த கம்பெனிக்கு நடந்தேன்.

அங்கேயும் அதையேதான் கேட்பார்கள். கேட்கட்டும்.