பெட்டியில் இல்லாத அன்னாசி ஜாம்

வியாழன், இரவு

சனிக்கிழமை மஸ்கட்டுக்கு விமானம். ஏழாவது வாரம். டாக்டர் போகலாம் என்றுவிட்டார். மூன்று மாதம் ஆகும்வரை யாரிடமும் சொல்வதில்லை என்று அங்கே இருக்கும் ரவியும் நானும் பேசிவைத்திருக்கிறோம்.

சாயங்காலம் பெட்டியைத் தூக்கக் குனிந்தேன். மாமியார் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ எடுக்க வேண்டாம், கேட்டியா. ஆட்டோ சேட்டன் வந்து தூக்கட்டும்."

இப்போது திறந்து பார்த்தால், ரவிக்காக மாமியாரே கிண்டிய அன்னாசி ஜாமைக் காணோம். அந்த இடத்தில் கடுமாங்காய் ஊறுகாய் பாட்டில். பிள்ளை உண்டானவள் அன்னாசியைத் தொடவே கூடாது என்பார்.

என்னிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன தடவை கலைந்தபோது ரவியும் நானும் மட்டும்தான் அழுதோம். இந்தத் தடவையும் அப்படி ஆகிவிட்டால், மாமியாரிடம் யார் சொல்வது?