பின் போர்ஷனுக்கும் சேர்த்து

அக்கா,

இன்று காலை எலக்ட்ரீஷியன் எங்கள் வீட்டு மெயின் போர்டைக் கழற்றித் தரையில் வைத்தார். உள்ளே கருகிக் கிடந்த வயரிலிருந்து ஒரு வாடை கிளம்பியது. பிளாஸ்டிக்கும் துணியும் சேர்ந்து தீய்ந்தது போன்ற வாடை. எனக்குத் திண்டிவனத்து வீடு நினைவுக்கு வந்துவிட்டது. கூடவே நீங்களும்.

விழுப்புரத்தில் நாங்கள் வாங்கியிருப்பது பழைய வீடு. முன்பக்கம் நாங்கள் இருக்கிறோம். பின் போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறோம். வீடு முழுக்க வயரை மாற்றியே ஆக வேண்டும் என்ற எலக்ட்ரீஷியன், ஆகும் செலவையும் சொன்னார். சின்னத் தொகை இல்லை. என் கணவர் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவிக்கொண்டு நின்றார்.

"இப்ப நம்ம பக்கம் மட்டும் மாத்திடலாம். பின்னாடி வாடகைக்குத்தான இருக்காங்க. அது பாட்டுக்கு ஓடிக்கினு இருக்குது, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை, உங்களுக்கே தெரியும். அதனால்தான் எனக்கு ஆத்திரம் கூடுதலாக வந்தது. வாயைத் திறந்தால் எலக்ட்ரீஷியன் எதிரிலேயே கத்திவிடுவேன் என்று பயந்து மாடிப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டேன்.

திண்டிவனத்தில், பாண்டி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் அந்தச் சந்தில், வரிசையாக இருந்த போர்ஷன்களில் உங்களுடையதுதான் கடைசி. அதற்கு முந்தியது எங்களுடையது. நான் கல்யாணமாகி வந்த புதிது. நீங்கள் மரக்காணம் பக்கத்துக் குப்பத்துக்காரர். கடலுக்குப் போன கணவர் திரும்பாததால் மகளைக் கூட்டிக்கொண்டு திண்டிவனம் வந்து, இட்லி மாவு ஆட்டி விற்றுப் பிழைத்தீர்கள். நீங்கள் என்னிடம் பேசிய முதல் பேச்சே கரண்ட்டைப் பற்றித்தான்.

"குழாயத் தொடறதுக்கு முன்னாடி செருப்பப் போட்டுக்கம்மா. இந்த வூட்ல தண்ணிகூட அடிக்கும்."

கேலி செய்கிறீர்கள் என்று நினைத்தேன். மறுநாளே குழாய் என் கையைச் சுள்ளென்று உதறவைத்தது. மழைக்காலத்தில் சுவர் அடித்தது. துணி காயப்போடும் கம்பி அடித்தது. ஸ்விட்சை மரக்கரண்டியால் தட்டிப் போடப் பழகிக்கொண்டோம். வாடகை வாங்க வீட்டுக்காரர் வரும்போதெல்லாம் நீங்கள் வயரை மாற்றச் சொல்லிக் கேட்டீர்கள். அவருக்கு எப்போதும் ஒரே பதில்தான்.

"உன் கிரைண்டராலதான் வயர் சூடாவுது. அத நிறுத்து, எல்லாம் சரியாயிடும்."

"கிரைண்டர நிறுத்திட்டா உங்களுக்கு வாடகைய எதுலேர்ந்து சார் குடுக்கறது?" என்று கேட்டீர்கள். அவர் சிரித்துக்கொண்டே பைக்கை எடுத்தார்.

பிறகு நீங்களே ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்து வந்து செலவைக் கேட்டீர்கள். வீடு வீடாக ஏறி இறங்கிப் பணம் சேர்த்தீர்கள். நானும் என் பங்கைக் கொடுத்தேன். வீட்டுக்காரரைப் பார்க்கப் போனபோது துணைக்கு என்னையும் அழைத்துப் போனீர்கள். அவர் வீட்டு ஹாலில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நம்மை வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினார்.

"உங்களுக்கு ஒரு பைசா செலவு வேணாம் சார். நாங்களே போட்டு மாத்திக்கிறோம். ஆளுங்கள வேல செய்ய வுட்டா போதும்" என்றீர்கள்.

"இன்னிக்கு வயரு மாத்துவீங்க. நாளைக்கு, நாங்க செலவு பண்ண வூடு, காலி பண்ண மாட்டோம்னு சட்டம் பேசுவீங்க. என் செவுத்துல எவனும் கை வைக்கக் கூடாது."

திரும்பி நடக்கும்போது நீங்கள் அழவில்லை. "நம்ம உசுரு போனா பரவால்ல, அவரு செவுரு கெடக் கூடாதாம்" என்றீர்கள். சேர்த்த பணத்தை அன்று மாலையே அவரவர் வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஒருநாள் காலை, உங்கள் மகள் பள்ளிக்கூடம் போன பிறகு, கிரைண்டர் ஓடும் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. மாவு வழித்திருக்க வேண்டிய நேரம் தாண்டியும் நிற்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்ததும் அலறினேன். என் கணவர் ஓடிப்போய் மீட்டர் பெட்டியில் ஃபியூஸைப் பிடுங்கினார். கதவை உடைத்து உங்களைத் தூக்கி வந்து ஆட்டோவில் கிடத்தியவரும் அவர்தான். ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது என்றார்கள்.

"ஈரக் கையோட கிரைண்டரத் தொட்டா கரண்ட் அடிக்காம இன்னா பண்ணும்?" என்று வீட்டுக்காரர் தெருவில் நின்று சொன்னார். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். எர்த்தே இல்லாத வீடு, நாங்கள் எங்கள் செலவில் மாற்றுகிறோம் என்றபோதும் விடவில்லை என்று விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் சொன்னேன். "நீ உள்ள போம்மா" என்றார். உங்கள் தவறு என்றே எழுதிக்கொண்டு போனார்கள். உங்கள் தம்பி வந்து உங்கள் மகளைக் கூட்டிப் போனார்.

மழை ஓய்வதற்குள் வீட்டுக்காரர் ஆட்களோடு வந்து நின்றார் அக்கா. யாரும் கை வைக்கக் கூடாது என்ற அதே சுவரை வரிசை முழுக்க வெட்டினார்கள். புது வயர் இழுத்தார்கள். கரண்ட் கசிந்தால் தானாக அணைகிற டிரிப்பரும் மாட்டினார்கள். சில நாளில் வேலை முடிந்துவிட்டது. அவ்வளவுதான் அந்த வேலை. பிறகு, எல்லாம் புது வயரிங் என்று சொல்லி எல்லோருக்கும் வாடகையை ஏற்றினார். உங்கள் போர்ஷனுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். எங்களால் அங்கே இருக்க முடியவில்லை. விழுப்புரம் வந்துவிட்டோம்.

இதையெல்லாம் நினைத்தபடி படியில் உட்கார்ந்திருந்தபோது என் கணவர் என்னைத் தேடி வந்தார். "அக்காவத் தூக்கினு ஓடுனது நீங்கதான?" என்று மட்டும் கேட்டேன். அவர் முகம் வெளிறிவிட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு எழுந்துபோய், "பின் போர்ஷனும் சேத்துப் போட்டுடுங்க. மொதல்ல அங்கேர்ந்தே ஆரம்பிங்க" என்று எலக்ட்ரீஷியனிடம் சொன்னார். என் செயினை பேங்கில் வைக்கப் போகிறோம். அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

மதியம் பின் போர்ஷனில் இருக்கும் பெண் தயங்கித் தயங்கி வந்தாள். பக்கத்துக் காணை கிராமத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் அவளுடையது.

"வேல முடிஞ்சதும் வாடகை ஏத்துவீங்களாக்கா? இல்ல, எங்களக் காலி பண்ணச் சொல்லிடுவீங்களா? இப்பவே சொல்லிட்டீங்கன்னா வேற வூடு பாத்துக்குவோம்."

"ரெண்டும் கிடையாதும்மா" என்றேன்.

அவள் நம்பவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டு, நான் அடுத்து என்ன சொல்லப் போகிறேன் என்று காத்து நின்றாள். இதற்கு முன் எத்தனை வீட்டு வாசலில் இப்படி நின்றிருப்பாளோ.

உங்களுக்காக வந்த கோபம் இத்தனை காலத்தில் கொஞ்சமும் ஆறவில்லை அக்கா. ஆற வேண்டாம். அது இருப்பதால்தான் இன்று இந்த வீட்டில் என்னால் வாய் திறக்க முடிந்தது.